கோல குபு பாரு – பிரேசர் மலை: ஆற்றுப் பள்ளத்தாக்கில் சைக்கிள் பாதைகள்

கோல குபு பாரு பட்டணத்திலிருந்து கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரை நோக்கிச் செல்லும் கூட்டரசு சாலை 55, சிலாங்கூர் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாகவே மேலேறுகிறது. சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், சிலாங்கூரும் பகாங்கும் சந்திக்கும் மலைக்கணவாய் வருகிறது. அந்த இடத்தை ஆங்கிலேயர் காலத்திலிருந்தே ‘கேப்’ என்று அழைக்கிறார்கள். அங்கிருந்து இன்னும் 8 கிலோமீட்டர் ஏறினால் பிரேசர் மலை. இடையில் பெரிய ஊர் எதுவும் இல்லை. பெரும்பாலும் காப்புக்காடுதான். ஒருபக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் ஆறு அல்லது நீர்த்தேக்கம்.

கோலாலம்பூர், ரவாங், தஞ்சோங் மாலிம் பக்கமிருந்து சனி, ஞாயிறுகளில் இந்தச் சாலைக்குச் சைக்கிளோடு வருகிறவர்களில் தமிழ் இளைஞர்களும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் தோட்டத்தில் சைக்கிள் என்றால் பால் வாளியைத் தொங்கவிட்டு ஓட்டும் வண்டி. அப்பாவும் தாத்தாவும் பிழைப்புக்காக மிதித்ததைப் பிள்ளைகள் உடற்பயிற்சிக்காக மிதிக்கிறார்கள். பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. தோட்டத்துச் சைக்கிள் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். இன்றைய பந்தயச் சைக்கிளோ, இந்த மலையில் இறங்கும்போது மிதிக்காமலே 60 கிலோமீட்டரைத் தொட்டுவிடும்.

இந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பது என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். “எவ்வளவு தூரம் ஏற முடியும்?” என்று கேட்டுக்கொள்பவர்கள் பலர். “களைத்துப்போன கையோடு, மழை வருவதற்குள், எவ்வளவு தூரத்திலிருந்து பத்திரமாக இறங்க முடியும்?” என்பதே சரியான கேள்வி.

ஆறும் அணையும் சாலையும்

பெயரிலேயே இந்த ஊரின் கதை இருக்கிறது. ‘கோல’ என்றால் ஆறு கூடும் இடம். ‘குபு’ என்றால் அரண். இன்று ‘அம்பாங் பெச்சா’ எனப்படும் இடத்தில்தான் பழைய கோல குபு இருந்தது. உடைந்த அணை என்பது அந்தப் பெயரின் பொருள். 1883ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கனமழையில் அங்கிருந்த அணை உடைந்து ஊரை அடித்துச் சென்றது. அந்த வட்டாரத்தின் ஆங்கிலேய அதிகாரி சிசில் ரேங்கிங்கும் அதில் உயிரிழந்தார். அவர் ஆற்றில் இருந்த வெள்ளை முதலையைச் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. ஊர் மீண்டும் எழுந்தது. ஆனால் ஈயச் சுரங்க மண் ஆற்றில் படிந்து வெள்ளம் ஓயவில்லை. 1920களில் மேட்டுப் பகுதியில் புதிய பட்டணம் திட்டமிடப்பட்டது. அதை வரைந்தவர் சார்ல்ஸ் ரீட் என்ற நகரமைப்பு வல்லுநர். ‘பாரு’ என்பது ‘புதியது’.

அந்த வெள்ளத்தின் நினைவு வெறும் வரலாறு அல்ல. இதே ஆறு இன்றும் ஒரு மணி நேர மழையில் நிறம் மாறும்; சாலையோர மண் இன்றும் நகரும்.

பட்டணத்தைத் தாண்டி ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கும் சிலாங்கூர் ஆற்று அணைக்கட்டு 2000களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. பழைய சாலையின் ஒரு பகுதி நீருக்கடியில் போனது. அதற்கு மாற்றாகச் சரிவின் மேல்பகுதியில் அகலமான புதிய சாலை போடப்பட்டது. சைக்கிளோட்டிகளுக்கு இது முக்கியமான தகவல். அணையை ஒட்டிய பகுதி புதியது, அகலமானது, வேகத்துக்கு இடம் கொடுப்பது. அதைத் தாண்டியதும் சாலை பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும்: குறுகலானது, வளைவு மேல் வளைவு, ஓரத்தில் ஆழமான கால்வாய். இறங்கும்போது இதே வரிசை தலைகீழாக வருகிறது. குறுகிய வளைவுகளில் கவனமாக வந்தவர்கள் அகலமான சாலையைக் கண்டதும் கையைத் தளர்த்திவிடுகிறார்கள்.

அணைக்காக இடம் பெயர்ந்தவர்கள் கெராச்சி, பெர்த்தாக் கிராமங்களைச் சேர்ந்த தெமுவான் பூர்வகுடி மக்கள். அவர்களின் புதிய குடியிருப்புகள் இந்தச் சாலையோரத்தில்தான் உள்ளன. பிள்ளைகள் சாலையைக் கடப்பார்கள், நாய்கள் படுத்திருக்கும், மோட்டார் சைக்கிள்கள் திடீரென்று திரும்பும். குடியிருப்புப் பகுதியில் வேகத்தைக் குறைப்பது மரியாதையும் பாதுகாப்பும் ஆகும். கிள்ளான் பள்ளத்தாக்கின் வீடுகளுக்குப் போகும் குழாய்நீரில் பாதிக்கும் மேல் சிலாங்கூர் ஆற்றுநீர்தான். அந்தத் தண்ணீருக்காகத் தங்கள் நிலத்தை விட்டவர்கள் அவர்கள்.

முதல் பாதை: அணைக்கட்டு வரை

புதிதாக மலையேறிப் பழகுபவர்களுக்கு இது போதும். பட்டணத்திலிருந்து அணைக்கட்டுப் பார்வையிடம் வரை போய்த் திரும்பினால் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுதான் வரும். குறுகிய தூரம் என்று ஏமாற வேண்டாம். நீர்த்தேக்கத்தின் மட்டத்துக்கு உயர வேண்டியிருப்பதால் ஏற்றம் சட்டென்று வந்துவிடும். தொடக்கத்திலேயே வேகமாக மிதித்தவர்கள் இங்கேயே மூச்சு வாங்கி நிற்பதைப் பார்க்கலாம்.

முடியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பால் வாளியோடு மேட்டில் சைக்கிளைத் தள்ளிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை.

பார்வையிடத்திலிருந்து நீர்த்தேக்கமும் அதைச் சூழ்ந்த மலைகளும் தெரியும். குரங்குகள் வரும், கையில் உணவுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு நிற்காதிருப்பது நல்லது. இந்தப் பாதையை மூன்று நான்கு முறை போய்வந்து, இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் பழக்கம் கைக்கு வந்த பிறகே அடுத்த பாதையை யோசிக்கலாம்.

இரண்டாவது பாதை: பெர்த்தாக், சிலிங்

நீர்த்தேக்கத்தின் ஓரமாகச் செல்லும் பகுதி ஏற்றமும் இறக்கமுமாக மாறி மாறி வரும். இங்கே உயரம் அதிகம் கூடாது. ஆனால் கால் சோர்ந்துவிடும். போகும்போது வரும் சிறு இறக்கங்கள் எல்லாம் திரும்பி வரும்போது ஏற்றங்கள் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். வீட்டுக்குப் போகும் வழி முழுக்க இறக்கம்தான் என்று நினைத்துத் தண்ணீரை முழுவதும் குடித்து முடித்தவர்கள் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள்.

நீர்த்தேக்கத்தின் தலைப்பகுதியைத் தாண்டியதும் ஆறு மறுபடி ஆறாகிவிடும். பெர்த்தாக் பக்கம் பாறைகளுக்கிடையே ஓடும் தண்ணீர் சத்தம் சாலை வரை கேட்கும். அடுத்து, சிலிங் ஆற்றுக்குப் பிரியும் இடம் வரும். அது கெளா மீன்களுக்கான பாதுகாப்புப் பகுதி. உள்ளே நீர்வீழ்ச்சி உண்டு. நீர்வீழ்ச்சிக்குப் போகும் வழி நடைபாதை. ஆற்றைப் பலமுறை கடக்க வேண்டியது. பந்தயச் சைக்கிள் காலணியோடு அதைத் திட்டமிட வேண்டாம். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஆற்றில் நீர் உயரும். குளிக்க இறங்குபவர்களும் இதை மறக்கக் கூடாது. தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ இலைதழைகள் மிதந்து வந்தாலோ உடனே கரையேற வேண்டும்.

நடுத்தரப் பயிற்சி உள்ளவர்கள் சிலிங் வரை வந்து திரும்புவது நிறைவான ஒரு காலைப் பயணம். காட்டின் அழகை ரசிக்க வருபவர்களுக்கு உண்மையில் இதற்கு மேல் போகத் தேவையில்லை. நீர்த்தேக்கம், ஆறு, மூங்கில் புதர், பெரிய மரங்களின் நிழல் எல்லாமே இதற்குள் வந்துவிடுகின்றன.

மூன்றாவது பாதை: கேப் வரை

சிலிங்குக்கு அப்பால்தான் உண்மையான மலைச்சாலை தொடங்குகிறது. செங்குத்தாக இருக்காது. பெரும்பாலும் நூறு மீட்டருக்கு மூன்று நான்கு மீட்டர் உயரும் நிதானமான ஏற்றம். ஆனால் விடாமல் நீளும். மாட்டுவண்டிக் காலத்துச் சாலைகள் இப்படித்தான் அமைக்கப்பட்டன; மாடு இழுக்கக்கூடிய சரிவைத்தான் மனிதக் காலும் தாங்கும். மலாயாவின் இத்தகைய மலைச்சாலைகளை வெட்டவும் செப்பனிடவும் கொண்டுவரப்பட்டவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். பல ஊர்களில் பொதுப்பணி இலாகா லயங்கள் உருவானது அவர்களுக்காகத்தான்.

கேப் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. நல்ல பயிற்சி உள்ளவர் பட்டணத்திலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடுவார். சாதாரணமாகச் சைக்கிள் ஓட்டுபவருக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். இந்த ஒரு மணி நேர வித்தியாசம் ஏறும்போது பெரிதாகத் தெரியாது. மழை எப்போது வரும் என்பதோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.

கேப்பை நெருங்கும் பகுதியில் நாட்டின் வரலாற்றில் இடம்பெற்ற ஒரு வளைவு இருக்கிறது. 1951ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதி, மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி பிரேசர் மலைக்குக் காரில் போய்க்கொண்டிருந்தபோது, கம்யூனிஸ்டு கெரில்லாக்கள் பதுங்கியிருந்து சுட்டுக் கொன்றார்கள். கூர்மையான வளைவுகளில் வண்டிகள் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். எதிரே என்ன இருக்கிறது என்று கடைசி நொடி வரை தெரியாது. பதுங்கியிருந்தவர்களுக்கு அதுவே வசதியாக இருந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் வளைவுகளின் அமைப்பு அதிகம் மாறவில்லை. இன்று எதிரே வருவது லாரியாகவோ பெரிய மோட்டார் சைக்கிளாகவோ இருக்கலாம்.

வழியில் நம்பக்கூடிய கடை கிடையாது. பல வளைவுகளில் கைப்பேசி அலை கிடைக்காது. கேப்பில் பழைய தங்கும் விடுதிக் கட்டடம் உண்டு. அங்கே சாப்பாடு கிடைக்கும் என்று எண்ணிப் போகக் கூடாது. ஒருவருக்குக் குறைந்தது இரண்டு பெரிய போத்தல் தண்ணீர், வாழைப்பழமோ ரொட்டியோ, ஒரு மாற்று டியூப், காற்றடிக்கும் பம்பு இவை கட்டாயம். தனியாகப் போவதைத் தவிர்ப்பது நல்லது.

நான்காவது பாதை: பிரேசர் மலை

கேப்பிலிருந்து மேலே போகும் பழைய சாலை மிகக் குறுகியது. இரண்டு கார்கள் எதிரெதிரே எளிதில் கடக்க முடியாததால், வெகுகாலம் நேர அட்டவணை வைத்து, ஒரு நேரம் ஏறும் வண்டிகளுக்கும் இன்னொரு நேரம் இறங்கும் வண்டிகளுக்கும் வாயிற்கதவு திறக்கப்பட்டது. பின்னர் புதிய சாலை ஒன்று போடப்பட்டு, பழைய சாலையில் ஏறவும் புதிய சாலையில் இறங்கவும் ஏற்பாடானது. மண்சரிவால் புதிய சாலை மூடப்படும்போதெல்லாம் இந்த ஏற்பாடு மாறுவதுண்டு. புறப்படும் வாரத்தில் எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்தத் திசையில் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே போக வேண்டும். ஒருவழிச் சாலையில் எதிர்த்திசையில் சைக்கிளில் இறங்குவது உயிரோடு விளையாடுவது. மேலே வரும் ஓட்டுநர் எதிரே ஒருவர் வருவார் என்று எதிர்பார்க்கவே மாட்டார்.

பழைய சாலையின் ஏற்றம் கேப் வரை உள்ளதைவிடக் கொஞ்சம் கடுமை. ஆனாலும் மரங்கள் இருபக்கமும் கவிந்து நிழல் தருவதால் வெயில் தெரியாது. காலை நேரத்தில் பனிமூட்டத்துக்குள் சியாமாங் குரங்குகளின் கூவல் கேட்கும். இருவாச்சிப் பறவைகள் இறக்கையை அடித்துப் பறக்கும் ஓசைகூடத் தெளிவாகக் கேட்கும். மேலே மணிக்கூண்டு, சிறிய கோல்ஃப் திடல், கல்லில் கட்டிய பழைய பங்களாக்கள். ஈயத் தொழிலோடு தொடர்புடைய லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் பெயரே மலைக்கு நிலைத்தது. அவர் பின்னர் எங்கே போனார் என்பது தெரியாமலே போயிற்று என்று சொல்வார்கள். மலைவாசத்தலம் 1922ல் திறக்கப்பட்டது. லங்காவி சைக்கிளோட்டப் போட்டியின் வீரர்களும் இந்த மேட்டில் ஏறி முடித்திருக்கிறார்கள்.

மேலே சாப்பாட்டுக் கடைகள் உண்டு. வியர்வையில் நனைந்த உடையோடு உட்கார்ந்தால் சில நிமிடங்களில் உடல் நடுங்கத் தொடங்கும். மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்றைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது அலங்காரத்துக்கு அல்ல. குளிரில் விறைத்த விரல்களால் பிரேக்கைச் சரியாகப் பிடிக்க முடியாது.

புதிய சாலையில் இறங்குபவர்கள் அது பழைய சாலையைவிடச் செங்குத்தானது என்பதை முன்பே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கிலேயே பிரேக்குக்கு அதிக வேலை வைக்கும் பகுதி அதுதான்.

ரவூப் பக்கம்

கேப்பிலிருந்து மேலே ஏறாமல் நேராகப் போனால் சாலை பகாங் பக்கம் இறங்கி, தெரானும் என்ற இடத்தில் பெந்தோங் – ரவூப் சாலையைச் சேரும். அந்த இறக்கம் இருபது கிலோமீட்டருக்கும் மேல். அழகான பாதைதான். ஆனால் இறங்கிவிட்டால் திரும்ப வழி இரண்டே: அதே மலையை மறுபடி ஏறுவது, அல்லது பெந்தோங் போய் பழைய கோம்பாக் சாலை வழியாகக் கோலாலம்பூருக்கு இன்னொரு மலையைக் கடப்பது. காராக் நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்ட அனுமதி கிடையாது. நீண்ட தூரம் ஓட்டிப் பழகியவர்களுக்கும், துணைக்கு ஒரு கார் பின்னால் வரும் குழுவினருக்கும் மட்டுமே இது சரிப்படும்.

மலை வேண்டாம் என்பவர்களுக்கு

பட்டணத்தின் உள்தெருக்களும் அம்பாங் பெச்சா வரையிலான பகுதியும் பிள்ளைகளோடு ஓட்ட ஏற்றவை. ரீட் திட்டமிட்ட அந்தச் சிறிய பட்டணத்தில் இன்றும் வாகன நெரிசல் குறைவு. ராசா, பத்தாங் காலி, காலும்பாங் பக்கம் போகும் முதலாம் எண் கூட்டரசு சாலை சமதளம்தான். ஆனால் லாரிகள் வேகமாக வரும். பழகாதவர்களுக்கு மலைச்சாலையைவிட அது பயமாக இருக்கும். செம்பனைத் தோட்டச் சாலைகள் அமைதியானவை. அவை தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானவை என்பதால் காவல்சாவடியில் கேட்டுவிட்டுப் போவதே முறை. செலாயாங் பக்கமிருந்து பத்து அணை வழியாக உலு யாமுக்கு வரும் சுங்கை துவா சாலையும் காட்டுச்சாலைதான். கோலாலம்பூரிலிருந்து கோல குபு பாருவுக்கு சைக்கிளிலேயே வருபவர்களின் வழக்கமான வழி அது.

இறங்குவது எப்படி

வேகம் இரண்டு மடங்கானால், வண்டியை நிறுத்த பிரேக் தாங்க வேண்டிய சுமை நான்கு மடங்காகிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் நிற்கும் வண்டி 60 கிலோமீட்டரில் நிற்கும் என்று நம்புவது இதனால்தான் ஆபத்து. இறக்கம் முழுக்க பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வருவதும் தவறு. சக்கர விளிம்பைப் பிடிக்கும் பழைய வகை பிரேக்கில், தொடர்ந்து உரசினால் விளிம்பு சூடாகி டியூப் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக்கும் சூடேறினால் பிடிப்பை இழக்கும். நேரான பகுதியில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். பிறகு கையை விட்டு ஆறவிட வேண்டும்.

வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும். வளைவின் நடுவில் சாய்ந்திருக்கும்போது பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கிவிடும். நமது சாலையில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். இடதுபக்கம் திரும்பும் வளைவில் வேகம் மிஞ்சினால் சைக்கிள் வலப்பக்கம் ஒதுங்கி எதிரே வரும் வண்டியின் பாதைக்குள் போய்விடும். வலதுபக்க வளைவில் மிஞ்சினால் இடப்பக்கக் கால்வாய்க்குள்ளோ தடுப்புக்கம்பியிலோ கொண்டுபோய் விடும். இன்னொன்று, நடுக்கோட்டை ஒட்டியபடி வலப்பக்கம் சாயும்போது சக்கரம் நம் பாதையில் இருந்தாலும் தலை எதிர்ப்பாதையில் இருக்கும். ஞாயிறு காலையில் இந்தச் சாலைக்கு வரும் பெரிய மோட்டார் சைக்கிள்களும் அதே கோட்டை ஒட்டித்தான் சாய்கின்றன.

நிழல் விழும் வளைவுகளில் பாசியும் ஈர இலைகளும் நண்பகல் வரை காயாது. வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் மழையில் சோப்பு மாதிரி. விளிம்பு பிரேக் ஈரத்தில் முதலில் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். அதற்குள் வண்டி சில மீட்டர் ஓடிவிடும். ஆகவே மழை தொடங்கிவிட்டால் வழக்கமான இடத்துக்கு வெகுமுன்பே பிரேக்கைத் தொட வேண்டும். கனமழையில் இறங்காமல் ஒதுங்கி நிற்பதே புத்திசாலித்தனம். மண்சரிவின் அடியிலோ பெரிய மரத்தின் கீழோ ஒதுங்கக் கூடாது.

குழுவாக இறங்கும்போது ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி வரும் பழக்கத்தைச் சமதளத்தோடு விட்டுவிட வேண்டும். ஒருவருக்கொருவர் போதிய இடைவெளி வேண்டும். முந்துவதற்குப் போட்டி கூடாது. மெதுவாக இறங்குபவரைக் கடைசியில் தனியாக விடுவதும் கூடாது. நன்கு பழகிய ஒருவர் அவருக்குப் பின்னால் வர வேண்டும். குழுவில் எல்லாரும் எங்கே நின்று சேர்வது என்று முன்பே பேசிவைத்தால், ஒருவர் வரவில்லை என்பது உடனே தெரியும். அலைபேசி எடுக்காத இந்தச் சாலையில் கால்வாய்க்குள் விழுந்த ஒருவரைத் தேட வேறு வழி இல்லை.

மழையும் மண்சரிவும்

மேற்குக்கரை மாநிலங்களில் ஏப்ரல் – மே, அக்டோபர் – நவம்பர் ஆகிய பருவமாற்ற மாதங்களில் பிற்பகல் இடிமழை அதிகம். மலையில் அது இன்னும் முன்பே தொடங்கலாம். பொழுது புலரும் ஏழு மணியளவில் மிதிக்கத் தொடங்கி, எங்கே இருந்தாலும் பதினொரு மணிக்குத் திரும்பிவிடுவது என்று குழுவாக முடிவு செய்துகொள்வது நல்ல ஏற்பாடு. கேப்புக்கு இரண்டு கிலோமீட்டர்தான் பாக்கி என்றாலும் நேரமாகிவிட்டால் திரும்புவதே சரி.

தொடர்ந்து சில நாள்கள் மழை பெய்திருந்தால் அந்த வாரம் இந்தச் சாலையை விட்டுவிடலாம். சரிவுகள் மழை பெய்யும் நேரத்தில்தான் விழும் என்பதில்லை; ஊறிய மண் மழை நின்ற பிறகும் நகரும். இதே உலு சிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் காலியிலிருந்து கெந்திங் போகும் சாலையோரத்தில், 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் முகாமில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது மண் சரிந்து 31 பேர் மாண்டார்கள். சாலையில் புதிதாகச் சிவப்பு மண் சிதறியிருந்தாலோ, தார்ச்சாலையில் நீளமான விரிசல் தெரிந்தாலோ, சரிவிலிருந்து கலங்கிய தண்ணீர் ஊற்றெடுத்தாலோ, அங்கே நின்று படமெடுக்காமல் திரும்பி வந்துவிட வேண்டும். தடுப்பு வைத்து மூடிய சாலையில் ‘சைக்கிள்தானே’ என்று நுழைவது எல்லாருக்கும் பழகிப்போன தவறு.

வண்டியும் வழித்துணையும்

விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை. பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் இருந்தால் ஏற்றம் எளிதாகும். 28 மில்லிமீட்டர் அகல டயர் ஈரச்சாலையில் நம்பிக்கை தரும். பழைய வண்டி வாங்குபவர்கள் சாயத்தைப் பார்ப்பதற்கு முன் பிரேக் கட்டையையும் கம்பியையும் பார்க்க வேண்டும். தேய்ந்த பிரேக் கட்டையை மாற்ற ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான். தலைக்கவசம், பளிச்சென்ற நிறத்தில் சட்டை, பகலிலும் எரியும் பின்விளக்கு இம்மூன்றும் இல்லாமல் இந்தச் சாலைக்கு வரக் கூடாது.

தஞ்சோங் மாலிம் தடத்தில் ஓடும் கொமுட்டர் இரயில் கோல குபு பாருவில் நிற்கும். நிலையம் பட்டணத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மடக்கு சைக்கிள் அல்லாத முழு அளவுச் சைக்கிளை ஏற்ற விரும்புபவர்கள் முன்கூட்டியே இரயில் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது. காரில் வருபவர்கள் பட்டணத்திலேயே நிறுத்திவிட்டு, பசியாறிக்கொண்டு புறப்படலாம். அங்கேயே போத்தல்களையும் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அவசர உதவிக்கு 999. அலை கிடைக்காத இடத்தில் விபத்து நேர்ந்தால், ஒருவர் அடிபட்டவரோடு இருக்க, மற்றொருவர் அலை கிடைக்கும் இடம் வரை போக வேண்டும். அல்லது வரும் வண்டியை நிறுத்திச் செய்தி அனுப்ப வேண்டும். வளைவுக்கு மேலும் கீழும் ஆள் நின்று வண்டிகளை மெதுவாக வரச்சொல்வது இரண்டாவது விபத்தைத் தவிர்க்கும். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது. மருத்துவமனை கோல குபு பாரு பட்டணத்தில் இருக்கிறது. கேப்பிலிருந்து காரில் வந்தாலும் அங்கே வந்துசேர முக்கால் மணி நேரம் பிடிக்கும்.